வில்ஹெல்ம் வைட்லிங்: மார்க்ஸுக்கு முன்பே கம்யூனிசம் பேசிய தையல்காரர்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் புரட்சியாளர்கள் என்றால் வழக்கறிஞரின் மகன் மார்க்ஸ், ஆலை முதலாளியின் மகன் எங்கெல்ஸ் என்றே படிக்கிறோம். கையால் உழைத்துப் பிழைத்தவர் ஒருவர்கூட அவர்களில் இல்லையா?

இருந்தார்கள், நிறையப் பேர் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் அறிக்கையை எழுதித் தரும்படி மார்க்ஸையும் எங்கெல்ஸையும் கேட்டுக்கொண்ட 'கம்யூனிஸ்ட் கழகம்' என்ற அமைப்பே பெரும்பாலும் தையல்காரர்களும் செருப்புத் தொழிலாளர்களும் தச்சர்களும் சேர்ந்து நடத்தியதுதான். அதன் லண்டன் தலைவர்களில் ஹைன்ரிஷ் பவுர் செருப்புத் தைப்பவர். யோசெப் மோல் கடிகாரத் தொழிலாளி. 1849ஆம் ஆண்டு தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் எழுச்சியில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டு உயிர்விட்டவர். இவர்களில் ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால் நான் வில்ஹெல்ம் வைட்லிங்கைச் சொல்வேன். மார்க்ஸின் வாழ்க்கை வரலாறுகளில் அவர் பொதுவாக ஓரிரு பக்கங்களில் வந்து போவார், பிரஸ்ஸல்ஸில் மார்க்ஸிடம் கடுஞ்சொல் கேட்டவராக. அந்த ஒரு மாலைப்பொழுதை வைத்து அவரை அளப்பது பெரிய அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

வைட்லிங் 1808 அக்டோபர் 5 அன்று மாக்டபுர்க் நகரில் பிறந்தார். அப்போது அந்த நகரம் நெப்போலியன் படைகளின் பிடியில் இருந்தது. தாய் கிறிஸ்டியானே வைட்லிங், வீட்டு வேலை செய்து பிழைத்த பெண். தந்தை பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி. அவர்களுக்குத் திருமணம் ஆகவில்லை. 1812இல் ரஷ்யாவுக்குப் போன படையோடு போன தந்தை திரும்பவே இல்லை. தாயின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்து, வறுமையில் வளர்ந்த சிறுவனைத் தையல் தொழிலுக்கு அனுப்பினார்கள். பெண்களுக்கான உடை தைப்பதில் அவர் தேர்ச்சி பெற்றார்.

அன்றைய ஜெர்மன் கைவினைத் தொழிலாளி தொழில் பழகி முடித்ததும் ஊரிலேயே தங்கிவிட முடியாது. சில ஆண்டுகள் நகரம் நகரமாக நடந்து, கிடைத்த பட்டறையில் வேலை செய்து, பிறகு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கையில் ஒரு பயணப் பதிவேடு இருக்கும்; ஒவ்வோர் ஊரிலும் போலீசார் அதில் முத்திரை குத்துவார்கள். இப்படி நடந்தவர்கள் தொழில் நுணுக்கத்தோடு செய்தியையும் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் பேச முடியாததைப் பாரிஸிலும் சூரிச்சிலும் பேசினார்கள், தடைசெய்யப்பட்ட துண்டுப் பிரசுரங்களை மூட்டையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். ஆட்சியாளர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். தொழிலாளர் சங்கங்களை அனுமதிக்கும் நாடுகளுக்குக் கைவினைஞர்கள் போகக் கூடாது என்று ஜெர்மன் கூட்டரசின் மன்றம் 1835 ஜனவரியில் தடையே விதித்தது. வைட்லிங் லைப்சிக், டிரெஸ்டன், வியன்னா என்று சுற்றி, அதே 1835இல் பாரிஸை அடைந்தார்.

பாரிஸின் தையல் பட்டறைகளில் அப்போது ஜெர்மானியர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கெல்ஸ் பின்னாளில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைத்திருக்கிறார். நார்வேயிலிருந்து கடல்வழியாக பிரான்ஸுக்கு வந்த ஒரு தையல்காரர் பதினெட்டு மாதங்களில் பிரெஞ்சு மொழியை ஏறக்குறைய கற்கவே இல்லையாம், ஆனால் ஜெர்மன் மொழியை அருமையாகக் கற்றுக்கொண்டாராம். அந்தப் பட்டறைகளின் பேச்சு மொழியே ஜெர்மன்தான்.

நாடு விட்டு வந்த அந்த ஜெர்மானியர்கள் முதலில் 'சட்டத்துக்குப் புறம்பானோர் கழகம்' என்ற இரகசியச் சங்கத்தை நடத்தினார்கள். அதன் தலைமையில் படித்தவர்களின் கை ஓங்கியிருந்தது. தொழிலாளர்கள் பிரிந்து போய் 'நீதியாளர் கழகம்' என்ற தங்கள் சங்கத்தை உருவாக்கினார்கள். அந்தக் கழகம் தன் கொள்கையை எழுதித் தரும் பொறுப்பைப் பேராசிரியர் எவரிடமும் கொடுக்கவில்லை. முப்பது வயதுத் தையல்காரரான வைட்லிங்கிடம் கொடுத்தது. 'மனிதகுலம் இன்று இருக்கும் நிலையும் இருக்க வேண்டிய நிலையும்' என்ற சிறு நூல் அப்படிப் பிறந்தது. அது இரகசியமாக அச்சாகி, கைக்குக் கை மாறிப் பரவியது. செலவைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்.

1839 மே மாதம் பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சியாளர் பிளாங்கியின் ஆட்கள் ஆயுதம் ஏந்தி எழுந்து தோற்றபோது, அவர்களோடு தொடர்பில் இருந்த ஜெர்மன் கழகமும் அடி வாங்கியது. கழகத் தலைவர்களில் ஒருவரான கார்ல் ஷாப்பர் முதலியோர் வெளியேற்றப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். வைட்லிங் 1841இல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். அவர் வாழ்வின் மிகச் செழிப்பான காலம் அங்கே கழிந்த இரண்டு ஆண்டுகள்தான். பகலில் தைப்பது, இரவில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கங்களில் பேசுவது என்று ஓடினார். 'ஜெர்மன் இளைஞரின் அபயக்குரல்', பிறகு 'இளம் தலைமுறை' என்று மாத இதழ்கள் நடத்தினார். தொழிலாளர்கள் ஒன்றாகச் சமைத்து மலிவாக உண்ணும் பொது உணவுக்கூடங்களை அவரும் தோழர்களும் ஏற்படுத்தினார்கள். வயிறு நிறைகிற இடத்திலேயே படிப்பும் விவாதமும் நடந்தன.

1842 டிசம்பரில் வெவே நகரில் அவருடைய முதன்மை நூலான 'இணக்கத்துக்கும் விடுதலைக்குமான உத்தரவாதங்கள்' வெளிவந்தது. பணமும் தனிச்சொத்தும் வாரிசுரிமையும் ஒழிய வேண்டும் என்கிறது நூல். எல்லாரும் நாளுக்கு ஆறு மணி நேரம் சமூகத்துக்கு உழைத்தால் உணவு, உடை, உறையுள் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும். அதற்கு மேல் யாருக்காவது நல்ல மதுவோ கடிகாரமோ வேண்டுமென்றால், கூடுதல் மணி நேரம் உழைத்து அதை ஒரு கணக்குப் புத்தகத்தில் பதிந்து பெற்றுக்கொள்ளலாம். முழுமையான சமூகத்தில் அரசு இருக்காது, நிர்வாகம் இருக்கும். சட்டம் இருக்காது, கடமை இருக்கும். தண்டனை இருக்காது, சிகிச்சை இருக்கும் என்று அவர் எழுதிய வரி ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனினை ஆழமாகத் தொட்டது. அடுத்த ஆண்டு சூரிச்சில் வைட்லிங்கை நேரில் கண்டு பழகினார் பக்கூனின். மார்க்ஸும் 1844இல் இந்த நூலை மனம் திறந்து புகழ்ந்தார். ஜெர்மன் முதலாளி வர்க்கத்தின் அரசியல் எழுத்துகளுடைய கோழைத்தனமான நடுத்தரத்தையும் ஜெர்மன் தொழிலாளர்களின் இந்த ஒளிமிக்க முதல் படைப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று எழுதினார். இரண்டே ஆண்டுகளில் இருவரும் மோதிக்கொள்வார்கள் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

நூலின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அத்தனை சமத்துவத்தையும் வரைந்து காட்டிய வைட்லிங், உச்சியில் மூன்று அறிஞர்கள் கொண்ட ஓர் ஆட்சிக்குழுவை வைத்தார். மருத்துவம், இயற்பியல், இயந்திரவியல் ஆகியவற்றில் தேர்ந்தவர்களைத் திறமைத் தேர்வின் மூலம் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றார். வாக்கெடுப்பை அவர் நம்பவில்லை. பள்ளிப் படிப்பை முழுமையாகப் பெறாத ஒருவர் அறிவின் மீது வைத்திருந்த அளவற்ற மரியாதை இதில் தெரிகிறது. ஆனால் மக்களே தங்களை ஆண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கை அவரிடம் இல்லை என்பதும் தெரிகிறது. பின்னாளில் அமெரிக்காவில் அவர் சறுக்கியதற்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து அவர் எழுதியது 'ஏழைப் பாவியின் நற்செய்தி'. இயேசுவை ஏழைகளின் தோழராக, சொத்தை வெறுத்த புரட்சியாளராக, மணமாகாத ஏழைப் பெண்ணின் மகனாக அதில் காட்டினார். தன் பிறப்பின் காரணமாக ஊரார் பார்வையைத் தாங்கி வளர்ந்த ஒருவர் அந்த வரியை எழுதியபோது என்ன உணர்ந்திருப்பார் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் யோசிக்கிறேன். சூரிச் ஆட்சியாளர்கள் அதைத் தெய்வ நிந்தனை என்றார்கள். 1843 ஜூன் மாதம் இரவில் அவரைத் தெருவில் கைது செய்து, அச்சுத்தாள்களையும் கடிதங்களையும் பறித்துக்கொண்டார்கள். முதலில் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பத்து மாதமாகவும் நாடு கடத்தலாகவும் கூடியது.

ஆனால் அந்த வழக்கு அரசு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்தது. பறித்த தாள்களை வைத்து ப்ளுண்ட்ஷ்லி என்ற சட்ட அறிஞர் சுவிட்சர்லாந்தின் கம்யூனிஸ்ட்டுகளைப் பற்றி ஓர் அரசு அறிக்கை தயாரித்தார். எச்சரிக்கையாக வெளியிடப்பட்ட அந்த அறிக்கையில் வைட்லிங்கின் எழுத்துகள் நீளநீளமாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. கம்யூனிசம் என்ற பெயரையே கேட்டிராத பலர் முதன்முதலாக அதை அங்கேதான் படித்தார்கள். அதில் பக்கூனின் பெயரும் இருந்ததால் ரஷ்ய அரசு அவரை நாடு திரும்பச் சொன்னது. அவர் மறுத்தார், தம் பிரபுப் பட்டத்தை இழந்தார்.

1844இல் வைட்லிங்கைப் பிரஷ்யாவிடம் ஒப்படைத்தார்கள். பிரஷ்யாவும் அவரை வைத்துக்கொள்ள விரும்பாமல் ஹாம்புர்க் வழியாக வெளியேற்றியது. சிறையில் எழுதிய கவிதைகளை ஹாம்புர்க்கில் பதிப்பாளர் காம்பேயிடம் கொடுத்தார். அந்தப் புத்தகக் கடையில் கவிஞர் ஹைனே அவரைச் சந்தித்தார். வைட்லிங் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தபடி, சங்கிலி பூட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டே பேசினாராம். அது தமக்கு அருவருப்பாக இருந்ததை ஹைனே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மூன்ஸ்டர் நகரில் கொல்லப்பட்ட கலகக்காரத் தையல்காரர் லைடன் ஜானின் சங்கிலிகளை ஒரு காலத்தில் முத்தமிட்டவன் நான், உயிரோடு எதிரே இருக்கும் தையல்காரரைக் கண்டு பின்வாங்கினேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். படித்தவர்களுக்கும் தொழிலாளிப் புரட்சியாளர்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை இதைவிட நேர்மையாகச் சொன்ன பதிவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

லண்டனில் அவருக்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது. வாக்குரிமைக்காகப் போராடிய ஆங்கிலேயச் சார்ட்டிஸ்ட்டுகளும் ஜெர்மன் தொழிலாளர்களும் கூடி அவரை வாழ்த்தினார்கள். ஆனால் அங்கிருந்த பழைய தோழர்கள் மாறியிருந்தார்கள். தொழிலாளர் கல்விக் கழகத்தில் 1845 முழுவதும் நீண்ட விவாதங்கள் நடந்தன. மக்கள் முதலில் தெளிவு பெற வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும் என்றார் ஷாப்பர். பசித்தவனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது, மனிதகுலம் மாற்றத்துக்கு எப்போதும் பழுத்துத்தான் இருக்கிறது என்பது வைட்லிங்கின் நிலை. கழகத்தின் பெரும்பான்மை ஷாப்பர் பக்கம் சாய்ந்தது. பிரஸ்ஸல்ஸுக்குப் போவதற்கு முன்பே வைட்லிங் தன் தொழிலாளத் தோழர்களிடையே பிடியை இழக்கத் தொடங்கியிருந்தார். மார்க்ஸ் என்ற அறிஞர் ஒரு தொழிலாளியை நசுக்கினார் என்று கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்த மாலை. 1846 மார்ச் 30, பிரஸ்ஸல்ஸ். மார்க்ஸும் எங்கெல்ஸும் அமைத்த கம்யூனிஸ்ட் கடிதத் தொடர்புக் குழுவின் கூட்டம். விருந்தினராக வந்திருந்த ரஷ்ய எழுத்தாளர் அனன்கோவ் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு நமக்கு இருக்கிறது. கசங்கிய முகத்தோடு ஒரு தொழிலாளியை எதிர்பார்த்த அவர் முன் நின்றவர், நேர்த்தியாக வெட்டப்பட்ட கோட்டு அணிந்து, தாடியை அழகாகத் திருத்தியிருந்த பொன்னிறத் தலைமுடிக்காரர். அவர் ஒரு தையல்காரர் என்பதை அனன்கோவ் ஒரு கணம் மறந்துவிட்டார் போலும். எங்கெல்ஸ் கூட்டத்தைத் தொடங்கிவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே மார்க்ஸ் குறுக்கிட்டார். ஜெர்மனியில் இவ்வளவு சத்தம் எழுப்பிய உங்கள் பிரசாரத்துக்கு என்ன அடிப்படை, இனி அதை எதன் மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்று நேராகக் கேட்டார். வைட்லிங்கின் பதில் தடுமாறியது, சுற்றிச் சுற்றி வந்தது. உறுதியான கோட்பாடு எதுவும் தராமல் தொழிலாளர்களைத் தூண்டிவிடுவது அவர்களை ஏமாற்றுவதாகும், ஒரு பக்கம் தீர்க்கதரிசி, மறுபக்கம் வாய் பிளந்து கேட்கும் கழுதைகள் என்ற நிலைதான் மிஞ்சும் என்றார் மார்க்ஸ். வைட்லிங்கின் முகம் சிவந்தது. நீதி, சகோதரத்துவம் என்ற பெயரால் நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டிய தன்னை ஒன்றுமில்லாதவன் என்று சொல்ல முடியாது என்றார். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த நன்றிக் கடிதங்களை நினைவூட்டினார். துன்பப்படும் மக்களுக்குத் தொலைவில் அறையில் அமர்ந்து செய்யும் ஆராய்ச்சியைவிடத் தன் எளிய ஆயத்த வேலை பொதுக் காரியத்துக்கு முக்கியமாக இருக்கலாம் என்றார். மார்க்ஸ் மேசையில் ஓங்கிக் குத்தினார், விளக்கு அதிர்ந்தது. "அறியாமை இதுவரை யாருக்கும் உதவியதில்லை!" என்று கத்தியபடி எழுந்தார். கூட்டம் கலைந்தது.

அனன்கோவின் குறிப்பு நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1880இல் அச்சானது. ஒவ்வொரு சொல்லும் அப்படியே பேசப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சண்டையின் சாரம் உண்மைதான். மறுநாள் வைட்லிங் ஜெர்மன் சோஷலிஸ்ட் மோசஸ் ஹெஸ்ஸுக்கு எழுதிய கடிதம் அதை உறுதிசெய்கிறது.

யார் சரி? தெளிவில்லாத கிளர்ச்சி தொழிலாளர்களைத் துப்பாக்கிமுனைக்கு இட்டுச்செல்லும் என்ற மார்க்ஸின் அச்சம் நியாயமானது. 1839 பாரிஸ் அதற்கு ஏற்கெனவே சாட்சி. திருடர்களின் சீற்றத்தைக்கூடப் புரட்சிக்குப் பயன்படுத்தலாம் என்று வைட்லிங் ஒரு கட்டத்தில் எண்ணினார்; அவருடைய சொந்தத் தோழர்களே அதைக் கேட்டுத் திகைத்தார்கள். ஆனால் 'அறியாமை' என்ற சொல்லை அந்த மனிதரை நோக்கி வீசியதை நான் ஏற்க மாட்டேன். பத்தாண்டுகள் பட்டறையிலும் சிறையிலும் அலைந்து, கூலிக்காரர்களின் காசில் நூல் அச்சிட்டு, அவர்களை முதன்முதலாகத் தங்கள் பெயரில் சிந்திக்க வைத்தவர் அவர். வைட்லிங்கின் கம்யூனிசம் ஜெர்மன் பாட்டாளி வர்க்கத்தின் முதல் சுயேச்சையான கோட்பாட்டு அசைவு என்று 1885இல் எங்கெல்ஸே எழுதினார். அதே கட்டுரையில், பூலோக சொர்க்கத்துக்கான மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதை எல்லாரும் திருட வருகிறார்கள் என்று சந்தேகித்துத் திரிந்தவர் என்றும் எழுதினார். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைகள்.

நீதியாளர் கழகம் 1847 ஜூனில் கம்யூனிஸ்ட் கழகமாகப் பெயர் மாறியது. "மனிதர் அனைவரும் சகோதரர்" என்ற பழைய முழக்கம் போய், "உலகத் தொழிலாளர்களே, ஒன்றுசேருங்கள்" வந்தது. வைட்லிங் அப்போது நியூயார்க்கில் இருந்தார். 1848 புரட்சிச் செய்தி கேட்டு ஜெர்மனிக்குத் திரும்பி, பெர்லினில் ஒரு செய்தித்தாள் நடத்திப் பார்த்தார். சில இதழ்களோடு நின்றது. 1849இல் மீண்டும் தப்பி அமெரிக்கா சேர்ந்தார்.

அமெரிக்காவில் அவர் செய்ததைப் பலர் அடிக்குறிப்பாகத் தள்ளுகிறார்கள். 1850 ஜனவரியில் 'தொழிலாளர் குடியரசு' என்ற இதழைத் தொடங்கி 1855 வரை நடத்தினார். புலம்பெயர்ந்த ஜெர்மன் தையல்காரர்களும் தச்சர்களும் அதன் வாசகர்கள். 1850 அக்டோபரில் பிலடெல்பியாவில் ஜெர்மன் தொழிலாளர்களின் மாநாட்டைக் கூட்டினார். அவருடைய முக்கியத் திட்டம் பரிமாற்ற வங்கி. தொழிலாளி தான் செய்த பொருளை வங்கியில் கொடுத்து, அதன் மதிப்புக்கு ஈடான சீட்டைப் பெறுவார். அந்தச் சீட்டைக் கொண்டு அதே வங்கிக் கிடங்கில் வேண்டிய பொருளை வாங்குவார். இடைத்தரகனும் வட்டிக்காரனும் தானாகவே விலகிப் போவார்கள் என்று நம்பினார். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தங்களைவிட இதுவே வழி என்று அவர் வற்புறுத்தியதால், சம்பளத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த சங்கங்கள் மெல்ல மெல்ல விலகின.

பிறகு அயோவா மாநிலத்தில் 'கொம்யூனியா' என்ற கூட்டுக் குடியிருப்பு. ஜெர்மானியர் சிலர் முன்பே தொடங்கியிருந்த அதோடு அவருடைய தொழிலாளர் கழகம் இணைந்தது, சேமிப்பைக் கொட்டியது. நிலமோ வயலோ தெரியாத நகரத்துத் தொழிலாளர்கள், கணக்கில் குழப்பம், ஓயாத பூசல். எல்லா அதிகாரத்தையும் தன் கையில் வைத்துக்கொள்ள முயன்ற வைட்லிங், தோழர்களை எதிரிகளாக்கிக்கொண்டார். 1855 அளவில் குடியிருப்பும் இதழும் கழகமும் ஒன்றாக மூழ்கின. அவரை நம்பிப் பணம் கொடுத்த எளிய மக்கள் அதை இழந்தார்கள். அவர் மீது எனக்குள்ள மதிப்பு இதை மறைக்க விடாது.

அதன்பின் அவர் பொதுவாழ்வை விட்டு விலகினார். கரோலினே என்ற பெண்ணை 1854இல் மணந்திருந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். நியூயார்க்கில் வந்திறங்கும் குடியேறிகளைப் பதிவுசெய்யும் காசில் கார்டன் நிலையத்தில் எழுத்தராக வேலை பார்த்தார், மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தார். பித்தான் துளை தைப்பதற்கான தையல் இயந்திரப் பாகங்களை உருவாக்குவதில் ஆண்டுகளைச் செலவிட்டார். அதிலிருந்து பெரிய வருமானம் எதுவும் வரவில்லை. வானியலில் இறங்கி, பூமியே அண்டத்தின் மையம் என்று நிறுவ முயன்றார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1871 ஜனவரி 22 அன்று சர்வதேசத் தொழிலாளர் சங்கமான அகிலத்தின் நியூயார்க் கிளைகள் நடத்திய விழாவில் அவர் கலந்துகொண்டார். மூன்று நாள்கள் கழித்து, ஜனவரி 25 அன்று இறந்தார். 1908இல், அவர் பிறந்த நூற்றாண்டில், ஜெர்மன் வரலாற்றாசிரியர் பிரான்ஸ் மெரிங் 'உத்தரவாதங்கள்' நூலைப் புதிதாகப் பதிப்பித்தார்.

அடுத்து யாரைப் படிக்கலாம் என்றால், இன்னொரு தையல்காரரான பிரெடெரிக் லெஸ்னரைச் சொல்வேன். ஹாம்புர்க்கில் வைட்லிங்கின் நூலைப் படித்துத்தான் அவர் கம்யூனிஸ்ட் ஆனார். பிறகு லண்டனில் மார்க்ஸைச் சந்தித்து, வைட்லிங்கின் கம்யூனிசத்துக்கும் அறிக்கையின் கம்யூனிசத்துக்கும் உள்ள தொலைவை உணர்ந்து, மார்க்ஸின் பக்கம் வந்தார். கம்யூனிஸ்ட் கழகத்தினர் மீது நடந்த 1852 கொலோன் வழக்கில் மூன்றாண்டுக் கோட்டைச் சிறை அனுபவித்தார், 1910 வரை வாழ்ந்து நினைவுக்குறிப்பும் எழுதினார். தையல் மேசையிலிருந்து வைட்லிங்கையும் மார்க்ஸையும் அடுத்தடுத்துப் பார்த்த ஒருவரின் பார்வை அதில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் மாலையை அனன்கோவின் வழியாக மட்டும் அறிந்தவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும்.